வேவுக் காரும் ஆற்காட்டுக் குதிரையும்

இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியத் தரைப்படை ஓட்டிய பழைய கவசக் கார்களைத் தேடிப் பிடித்து, துரு நீக்கி, வண்ணம் பூசி, மீண்டும் ஓடவிடும் ஆர்வலர்கள் இங்கிலாந்தில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மிகவும் பிடித்தமானவற்றுள் ஒன்று டெய்ம்லர் டிங்கோ என்னும் சிறு வேவுக் கார். 1939 முதல் 1945 வரை 6,600க்கும் மேற்பட்ட டிங்கோக்கள் செய்யப்பட்டன. எடை ஏறத்தாழ மூன்று டன். உள்ளே இருவருக்கு மட்டுமே இடம். முன்பக்கத் தகட்டின் கனம் 30 மில்லிமீட்டர். முன்னோக்கிச் செல்ல ஐந்து கியர்கள் என்றால், பின்னோக்கிச் செல்லவும் அதே ஐந்து. ஓட்டுநர் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்துப் பின்னோக்கி விரைவதற்கு வாகாக அவருடைய இருக்கையைச் சற்றே கோணலாக வைத்திருந்தார்கள். போரிடுவது இந்த வண்டியின் வேலையன்று. பகைவன் இருக்குமிடத்தைக் கண்டு, கண்டதைச் சொல்ல உயிரோடு திரும்புவதே அதன் வேலை.

நம் இலக்கண மரபுக்கு இது புதிதன்று. தொல்காப்பியம் வெட்சித் திணைக்குச் சொல்லும் துறைகளில் 'வேய்' ஒன்று. ஒற்றர் சென்று பகைப்புலத்தை அறிந்து வருவது. காவிரிப் படுகையில் அந்த வேலை எவ்வளவு கடினம் என்பதைத் தஞ்சாவூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நடவு முடிந்த வயலில் மூன்று டன் இரும்பு அச்சுவரை இறங்கிவிடும். மிஞ்சுவது ஆற்றங்கரைச் சாலை ஒன்றுதான். ஒருபுறம் நீர், மறுபுறம் சேறு; வண்டியைத் திருப்ப இடமிராது. அப்படிப்பட்ட கரையில் நின்று பார்த்தால்தான் டிங்கோவின் ஐந்து பின்கியர்களின் அருமை நமக்குப் புரிகிறது.

வேவு தவறினால் என்ன நேரும் என்பதற்கும் இதே மண்ணில் சான்று உண்டு. 1782 பிப்ரவரியில் கர்னல் பிரெய்த்வெய்ட் சுமார் 2,000 பேர் கொண்ட கம்பெனிப் படையுடன் கும்பகோணத்துக்கு அருகே, கொள்ளிடக் கரையில், அன்னகுடியில் தங்கியிருந்தார். சூழ்ந்திருந்த ஆறுகளே தமக்கு அரண் என்று நம்பினார். திப்புவின் பெருங்குதிரைப்படை அவரைச் சுற்றி வளைத்துக்கொண்டது. நாள்கணக்கில் தாக்குப்பிடித்த பின் எஞ்சியவர்கள் சரணடைந்தார்கள். ஆறுகள் குதிரைகளைத் தடுக்கவில்லை. குதிரைகள் வரும் சேதியும் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை.

குதிரையின் இடத்துக்குப் பின்னாளில் கவசக் கார் வந்தது. அந்த மாற்றத்தின் இந்தியக் கதை ஆற்காட்டிலிருந்து தொடங்குகிறது. 1773இல் நவாப் முகமது அலிக்காகக் கம்பெனிப் படை தஞ்சையைப் பிடித்தது. 1776இல் துளஜா மன்னரிடம் அது திருப்பித் தரப்பட்டது. அந்தக் காலகட்டத்தில் நவாபின் பணியில் உருவான குதிரைப்படைப் பிரிவொன்று பின்னர் கம்பெனியிடம் சேர்ந்து மைசூர்ப் போர்களில் பங்கேற்றது. இந்திய ராணுவத்தின் கவசப் படைப்பிரிவுகளில் மிகத் தொன்மையானது அதுவே. 1891இல் அதன் பெயர் 3வது மெட்ராஸ் லான்சர்ஸ். 1903இல் 27வது இலகு குதிரைப்படை. 1922இல் 16வது இலகு குதிரைப்படை.

இடையில் 'மெட்ராஸ்' என்ற சொல் உதிர்ந்ததை எளிதாகக் கடந்துவிட முடியாது. தென்னாட்டார் போருக்கு உதவார் என்ற கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ராணுவத் தலைமையில் வேரூன்றியது. 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் படையின் தலைமைத் தளபதியாகவும் அதன்பின் 1893 வரை இந்தியத் தலைமைத் தளபதியாகவும் இருந்த பிரடெரிக் ராபர்ட்ஸ் அக்கருத்தின் முதன்மையான ஆதரவாளர். 'வீர இனம்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களே பின்னர் விரும்பிச் சேர்க்கப்பட்டார்கள். ஆற்காட்டில் பிறந்த படையில் இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது இருந்தவர்கள் பெரும்பாலும் ஜாட், ராஜபுத்திர, காயம்கானி வீரர்கள். திப்புவின் குதிரைகளை எதிர்த்து நின்ற பகுதியின் பிள்ளைகளுக்கு, அந்தக் குதிரைகளின் இடத்துக்கு வந்த வண்டிகளில் ஏற இடமில்லை.

அவ்வீரர்கள் ஆற்றிய பணியைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. 1944இல் இப்படை கவசக் கார்களோடு குவெட்டாவிலிருந்து இம்பால்வரை 3,500 மைலுக்கு மேல் பயணம் செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜே. என். சௌத்ரி அதன் தலைமையை ஏற்றார்; பிற்காலத்தில் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியான அதே சௌத்ரிதான். 255வது டாங்கிப் பிரிகேடுடன் இணைந்து, 1945இல் மெய்க்டிலாவிலும் அதன்பின் ரங்கூனை நோக்கிய விரைவிலும் அது முன்னால் சென்று வழி பார்த்தது.

பழைய கவச வாகனங்களை நம் நாட்டில் காண விரும்புவோர் மகாராட்டிரத்து அகமதுநகருக்கு, இப்போதைய அகில்யாநகருக்கு, போக வேண்டும். அங்குள்ள குதிரைப்படை டாங்கிக் காட்சியகம் 1994இல் திறக்கப்பட்டது. ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் கவசக் கார் அதன் பெருமைக்குரிய காட்சிப் பொருள். துலக்கி நிறுத்திய இரும்பைக் கண்டு வியப்பதில் நமக்கும் மறுப்பில்லை. ஆனால், 1919இல் ஜாலியன்வாலா பாக்குக்கு டயர் இரண்டு கவசக் கார்களைக் கூட்டிச் சென்றதும், சந்து குறுகலாக இருந்ததால்தான் அவை வெளியே நின்றதும், இடமிருந்தால் அவற்றின் இயந்திரத் துப்பாக்கிகளைப் பயன்படுத்தியிருக்கக்கூடும் என்று அவரே விசாரணைக் குழுவிடம் ஒப்புக்கொண்டதும் அவ்வேளையில் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. புதுப்பிப்பவர்கள் பழைய வண்ணத்தைச் சுரண்டி, அடியில் மறைந்த படைக்குறியைக் கண்டுபிடித்து மீண்டும் எழுதுகிறார்கள். வண்டிக்குள் யார் உட்கார்ந்தார்கள், யார் உட்கார விடப்படவில்லை என்பது அந்தச் சுரண்டலில் அகப்படுவதில்லை.

1946இல் 16வது இலகு குதிரைப்படையின் சேர்க்கை விதி மாற்றப்பட்டு, அது தென்னிந்தியர்களுக்கு உரியதாயிற்று. அப்போது குதிரைகள் போய்விட்டன. சில ஆண்டுகளில் கவசக் கார்களும் போய் டாங்கிகள் வந்தன. 1965 செப்டம்பரில் சியால்கோட் முனையில், பில்லோராவை ஒட்டிய சண்டைகளில், அப்படையின் செஞ்சூரியன் டாங்கிகளுக்குள் இருந்தவர்கள் தென்னாட்டார்.