இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள்

போன மாதம் ஓர் ஆய்விதழிலிருந்து எனக்கு ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் பெயர் இல்லை. 1941 கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்தைப் பற்றியது. படித்துவிட்டு, பிரசுரிக்கலாமா வேண்டாமா என்று நான் சொல்ல வேண்டும். இதற்குச் சம்பளம் கிடையாது, என் பெயரும் வெளியே வராது. பந்திங் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் உட்கார்ந்து, தே தாரேக் ஆறுவதற்குள் நாலு பக்கம் படித்தேன். நான் இருபது வருஷமாக நம்பி வருவதற்கு நேர் எதிராக இருந்தது. ஐந்தாம் பக்கம் புரட்டும் முன்பே மனசு தீர்ப்பு எழுதிவிட்டது: 'இந்த ஆளுக்கு விஷயம் தெரியல.'

வீட்டுக்கு வந்து அறிக்கை எழுத உட்கார்ந்தால், படிவத்தில் ஒரு கேள்வி: பிழை எந்த இடத்தில்? அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்போதுதான் சந்திரசேகர் ஞாபகத்துக்கு வந்தார்.

சுப்ரமணியன் சந்திரசேகரின் முதல் பாதிக் கதை நமக்கெல்லாம் தெரியும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1930இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். போகும் வழியிலேயே கணக்குப் போட்டு, வெண்குள்ள விண்மீனின் எடைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று கண்டார். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்று இன்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் அதை விளக்கிவிட்டு உட்கார்ந்தார். அடுத்துப் பேச எழுந்தவர் எடிங்டன், அன்றைய வானியலின் பெரிய தலை. கணக்கு எப்படிப் போகிறது என்று மாதக்கணக்கில் சந்திரசேகரிடம் விசாரித்துக்கொண்டே இருந்தவரும் அவர்தான். ஒரு விண்மீன் இவ்வளவு அபத்தமாக நடந்துகொள்ள இயற்கை விடாது என்ற பொருளில் அவர் பேச, அவை சிரித்தது. சந்திரசேகர் எடுத்துக்கொண்ட சார்பியல் சூத்திரமே செல்லாது என்றும் எடிங்டன் வாதாடினார். ஆனால் என் வாசிப்பில், அவருக்கு முதலில் பிடிக்காமல் போனது முடிவு. சூத்திரத்தின் மேல் சந்தேகம் பின்னால்தான் வந்தது. பவுலி, ரோசன்ஃபெல்ட் போன்றவர்கள் தனியே பேசும்போது சந்திரசேகர் பக்கம் நின்றார்கள். வெளியே வந்து சொல்ல ஒருத்தரும் இல்லை.

நான் சொல்ல வந்தது இரண்டாம் பாதியை.

1937இல் சந்திரசேகர் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1952 முதல் 1971 வரை 'அஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னல்' இதழின் ஆசிரியராக இருந்தார். இளம் இந்தியனாக அவையில் சிரிப்பை வாங்கியவர், இப்போது மற்றவர்களின் கட்டுரைக்கு வாசல் திறக்கும் இடத்தில் இருந்தார். 1958இல் அவர் மேசைக்கு யூஜின் பார்க்கரின் கட்டுரை வந்தது. பார்க்கருக்கு அப்போது முப்பது வயது, அதே பல்கலைக்கழகத்தில் வேலை. சூரியனின் வெளி வளிமண்டலம் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் கொதிக்கிறது என்பது தெரிந்த விஷயம். அது அசையாமல் அங்கேயே நிற்கிறது என்பதுதான் அன்றைய நம்பிக்கை. நிற்க முடியாது என்று பார்க்கர் கணக்குப் போட்டுக் காட்டினார். நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் அது வெளியே பாய்ந்துகொண்டே இருக்க வேண்டும். சூரியக் காற்று என்று இன்று சொல்வது இதைத்தான்.

மதிப்பீட்டாளர்கள் இரண்டு பேர். இரண்டு பேருமே வேண்டாம் என்றார்கள். இதை எழுதுமுன் நூலகத்துக்குப் போய்க் கொஞ்சம் படித்துவிட்டு வரலாம் என்ற பாணியில் ஒருவர் எழுதியிருந்ததாகப் பார்க்கர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். (இந்த வகை வாக்கியத்தை வாங்காத ஆராய்ச்சி மாணவர் நம்மில் யார்?)

சந்திரசேகர் பார்க்கரின் அறைக்கே போனார். துறையில் பெரியவர்கள் தப்பு என்கிறார்கள், நிஜமாகவே பிரசுரிக்க வேண்டுமா என்று கேட்டார். அவர்கள் ஏதாவது பிழையைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்களா என்பது பார்க்கரின் பதில். சுட்டிக்காட்டவில்லை. சந்திரசேகருக்கும் அந்தக் கருத்தில் நம்பிக்கை இல்லை, ஆனால் கணக்கில் தப்பு எதுவும் அவர் கண்ணில் படவில்லை. கட்டுரை 1958 நவம்பர் இதழில் வந்தது.

1935இல் பட்ட காயம்தான் 1958இல் அவரை அப்படி முடிவெடுக்க வைத்தது என்று முடிச்சுப் போட ஆசையாக இருக்கிறது. அது என் ஊகம் மட்டும்தான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவர் அந்தக் கட்டுரையோடு உடன்படவில்லை. உடன்பட்டிருந்தால் இதில் கதையே இல்லை.

மதிப்பீட்டாளர் என்றாலே வில்லன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1936இல் ஈர்ப்பலைகள் கிடையாது என்று சொல்லும் ஒரு கட்டுரையை ஐன்ஸ்டைன் 'ஃபிசிக்கல் ரிவ்யூ'வுக்கு அனுப்பினார். தன்னைக் கேட்காமல் அதை இன்னொருவரிடம் காட்டினார்கள் என்று கோபப்பட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிழையைக் கண்டுபிடித்தது அந்த இன்னொருவர், ராபர்ட்சன். வேறோர் இதழில் அதே கட்டுரை முடிவு மாறி வெளிவந்தது. ராபர்ட்சன் ஐன்ஸ்டைனின் பெயருக்கு மயங்கவில்லை, எந்த இடம் இடிக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதிக் காட்டினார். பார்க்கரை மறுத்த இருவரும் செய்யாதது அது. மதிப்பீடு என்ற இந்த ஏற்பாடும் நாம் நினைக்கிற அளவுக்குப் பழையது இல்லை. லண்டன் ராயல் சொசைட்டி எழுத்துமூல அறிக்கை கேட்க ஆரம்பித்தது 1830களில். 'நேச்சர்' இதழ் அதை முறையான விதியாக்கியதோ 1973இல்தான்.

1962இல் வெள்ளிக் கோளை நோக்கிப் போன மரைனர் 2, வழி நெடுகச் சூரியக் காற்றை அளந்துகொண்டே போனது. 1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு. 1995இல் அவர் காலமானார். 2018 ஆகஸ்ட் 12 அன்று பார்க்கர் பெயரைத் தாங்கிய விண்கலம் சூரியனை நோக்கிக் கிளம்பியபோது, 91 வயதுப் பார்க்கர் நேரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கிள்ளான் கட்டுரை இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. இரண்டாவது முறை படித்து முடித்தேன். இன்னமும் எனக்கு அது பிடிக்கல. பதினோராம் பக்கத்தில் ஒரு தேதி மட்டும் உறுத்துகிறது. அதைச் சரிபார்க்கக் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகணும். ஆசிரியரிடம் இரண்டு வாரம் கூடுதலாகக் கேட்டிருக்கிறேன்.