ஓரக் குறிப்பைத் தேடின கதை

இன்னைக்கு எபிசோட், படிக்கிறவங்க பக்கத்தோட ஓரத்துல எழுதி வைக்கிற குறிப்புகளைப் பத்தி. எழுதுறது சுலபம். பத்து வருஷம் கழிச்சு அதைத் தேடி எடுக்கிறதுதான் பாடு.

பியர் தெ ஃபெர்மா, பிரான்ஸ்ல துலூஸ் நகரத்துல நீதித்துறையில வேலை பார்த்தவர். கணிதம் அவருக்குப் பொழுதுபோக்கு. 1621-ல் பஷே வெளியிட்ட டயோபாண்டஸின் 'அரித்மெட்டிகா' பதிப்புல, படிக்கப் படிக்க ஓரத்துல எழுதிக்கிட்டே போனார். அதுல ஒரு குறிப்பு, தன்கிட்ட அருமையான நிரூபணம் இருக்கு, ஆனா எழுத இந்த ஓரத்துல இடம் போதாதுன்னு சொல்லுது. அவர் 1665-ல் இறந்தார். மகன் சாமுவேல் அந்தக் குறிப்புகளை எல்லாம் தொகுத்து 1670-ல் அச்சிட்டார். ஃபெர்மா எழுதின அந்த மூலப் பிரதி இன்னைக்குக் கிடைக்கல. மகன் உட்கார்ந்து எடுத்து எழுதலைன்னா, 1990-களில் ஆண்ட்ரூ வைல்ஸ் நிரூபிச்ச அந்தத் தேற்றம் நமக்கு இந்த வடிவத்துல வந்திருக்குமான்னு சந்தேகம்தான்.

எல்லாருக்கும் இப்படி ஒரு மகன் வாய்க்கிறதில்லையே! தன் குறிப்பைத் தானே தேடி எடுக்க என்ன வழி? தத்துவவாதி ஜான் லாக் இதுக்கு ஒரு முறை வச்சிருந்தார். பல வருஷம் தானே பயன்படுத்திட்டு, 1686-ல் பிரெஞ்சு இதழ் ஒண்ணுல அதை வெளியிட்டார். குறிப்பேட்டோட முதல் ரெண்டு பக்கத்துல கட்டம் போடணும். ஒவ்வொரு தலைப்புக்கும் முதல் எழுத்தையும், அதுக்கு அடுத்து வர்ற முதல் உயிரெழுத்தையும் எடுத்துக்கணும். 'எபிஸ்டோலா'ன்னா ஈ-யும் ஐ-யும். அந்தக் கட்டத்துல பக்க எண்ணை எழுதிட்டா போதும். இருபது எழுத்து, ஐந்து உயிரெழுத்து, மொத்தம் நூறு கட்டம். அவ்வளவுதான் அவரோட தேடுபொறி.

1945-ல் அமெரிக்கப் பொறியாளர் வனேவர் புஷ், மெமெக்ஸ்னு ஒரு கருவியைக் கற்பனை பண்ணினார். மேசைக்குள்ள மைக்ரோஃபிலிம்ல நூல்கள் இருக்கும். அதுல ஓரக் குறிப்பும் எழுதலாம், ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தோட கோத்தும் வைக்கலாம். அந்தக் கருவி கடைசிவரை உருவாகல.

1993-ல் அடோபி நிறுவனம் அக்ரோபேட்டையும் பிடிஎஃப் வடிவத்தையும் வெளியிட்டது. முதல் பதிப்புலயே ஒட்டுக் குறிப்பு வசதி இருந்துச்சு. இங்கதான் ஒரு முக்கியமான முடிவு. பக்கத்துல தெரியிற எழுத்து ஒரு இடத்துல, நாம போடுற குறிப்பு தனியா இன்னொரு இடத்துல. இதுக்கு நல்ல காரணம் உண்டு: மூல ஆவணம் கெடாது, குறிப்பை எப்ப வேணும்னாலும் எடுத்துடலாம்.

ஆனா அதுக்கு ஒரு விலையும் இருக்கு. தேடல் பெட்டி பக்கத்தோட எழுத்தை மட்டும் பார்த்தா, உங்க குறிப்பு அதோட கண்ணுல படவே படாது. அக்ரோபேட்டோட விரிவான தேடல்ல, கருத்துகளையும் சேர்த்துத் தேடச் சொல்லித் தனியா டிக் பண்ணணும். ஹைலைட்டோட நிலைமை இன்னும் வேடிக்கை. அடிப்படையில அது சேமிக்கிறது வண்ணம் பூசின கட்டத்தோட நாலு மூலை எங்க இருக்குங்கிறதைத்தான். உள்ள இருக்கிற வார்த்தையைச் சேமிக்கணும்னு கட்டாயம் இல்ல. பேனாவால கிறுக்கினது வெறும் கோடுகள்தான்.

ஒரு ஆய்வு மாணவி ஐந்து வருஷமா முந்நூறு கட்டுரையில குறிப்பு போட்டிருக்கான்னு வச்சுக்குங்க. "கிடைக்கவில்லை"ன்னு திரை சொன்னா, தான் எழுதவே இல்லைன்னு நம்பிடுவா. எழுதினது உள்ளேயே இருக்கும். தேடின இடம்தான் வேற. லாக் காலத்துல கட்டம் காலியா இருந்தா, அதைக் காலியா விட்டது யாருன்னாவது தெரியும்.

அதனால முக்கியமான குறிப்பை ஒரு வார்த்தையாவது தட்டச்சு பண்ணி வைங்க. முடிஞ்சா குறிப்புகளை மட்டும் தனிக் கோப்பா எடுத்து வைங்க. அன்னைக்கு சாமுவேல் செஞ்சதும் இதே வேலைதான். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.