ஊத் என்றால் மரம்

கிற்றார் முஸ்லிம்கள் உலகுக்கு வழங்கிய கொடை என்று நமது மேடைகளிலும் மலர்களிலும் அடிக்கடி சொல்லப்படுகின்றது. கூடவே ஸிர்யாபின் பெயரும் வந்துவிடும். இக்கூற்றில் உண்மையும் உண்டு, அவசரமும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய, வாசித்தவர்களைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த வாத்தியம் எந்த மரத்தால், எப்படிச் செய்யப்பட்டது என்று பார்ப்பது பயன்தரும் என்று எனக்குப் படுகிறது. (இசை ஆகுமா, ஆகாதா என்ற மார்க்கச் சர்ச்சைக்குள் நான் இங்கு நுழையவில்லை.)

அத்தர் விற்பவரிடம் ஊத் என்று கேட்டால் அகில் மரத்தின் வாசனையை எடுத்துத் தருவார். அரபியில் 'ஊத்' என்பதன் அடிப்படைப் பொருள் மரம், மரத்துண்டு என்பதே. அரபுலகின் தலையாய நரம்பு வாத்தியத்துக்கும் அதுவே பெயர். 'அல்-ஊத்' ஸ்பானியரிடம் 'லாஊத்' ஆகி, ஆங்கிலேயரிடம் 'லூட்' ஆயிற்று. தோல் போர்த்திய முகமுடைய பழைய வாத்தியங்களிலிருந்து வேறுபடுத்தவே இப்பெயர் வந்தது என்று கருதும் ஆய்வாளர்கள் உளர்.

கி.பி. 10ஆம் நூற்றாண்டில் பஸ்றாவில் இயங்கிய இஃக்வானுஸ் ஸஃபா குழுவினர், தமது நிருபங்களுள் ஒன்றை இசைக்கென்றே ஒதுக்கினர். ஊத் செய்யும் முறை அதில் கூறப்படுகின்றது. நீளம் அகலத்தின் ஒன்றரை மடங்கு. ஆழம் அகலத்தின் பாதி. கழுத்து நீளத்தின் கால்வாசி. நமக்கு முக்கியமானது முகப் பலகை பற்றி அவர்கள் சொல்வது. அது மெல்லியதாக, உறுதியானதாக, பாரமற்றதாக, தட்டினால் ஒலிப்பதாக இருக்க வேண்டும். அரிய மரமா, அழகிய மரமா என்பதல்ல அவர்களுடைய கேள்வி. தட்டிப் பார், ஒலிக்கிறதா என்பதே அளவுகோல்.

பின்வந்த பௌதிகம் இதற்கு மறுப்புச் சொல்லவில்லை. நரம்போ கம்பியோ தனியாக அதிர்ந்தால் காற்றை அசைப்பது மிகச் சொற்பம். அந்த அதிர்வு குதிரை வழியாக முகப் பலகைக்கு இறங்கி, பலகை முழுவதும் அசையும்போதுதான் ஓசை எழுகின்றது. பலகை பாரமானால் அசையாது. நொய்தானால் இழுவிசையில் வளைந்து போகும். பாரம் குறைந்தும் விறைப்புக் கூடியும் இருப்பது ஸ்புரூஸ் என்ற குளிர்நாட்டு ஊசியிலை மரம். தண்ணீரின் எடையில் பாதியளவும் இராத இம்மரத்தில், நார்வழியே ஒலி செக்கனுக்கு 5,000 மீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடும். மரத்தின் நடுவிலிருந்து ஆரம் ஆரமாக அறுத்து, வளைய ரேகைகள் பலகையில் நேர்க்கோடுகளாக விழும்படி எடுத்தால் அந்த விறைப்பு முழுமையாகக் கிடைக்கும்.

இனி அந்தலூஸுக்கு வருவோம். ஸிர்யாப் 822இல் குர்துபா வந்தார், ஊத் வாத்தியத்துக்கு ஐந்தாவது நரம்பைச் சேர்த்தார், கழுகிறகால் மீட்டினார் என்பவை நமக்கு மனப்பாடம். இக்கதைகள் பரவலாக அறியப்பட்டது 1632இல் மரணித்த அல்-மக்கரீயின் நூல் வழியாக. அவர் பழைய நூல்களிலிருந்து எடுத்தெழுதியவர்; ஸிர்யாபுக்கும் அவருக்கும் இடையே எட்டு நூற்றாண்டுகள். ஆகவே ஒவ்வொரு விபரத்தையும் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. மேலும் ஊத் வேறு, கிற்றார் வேறு. ஒன்றின் முதுகு பிளந்த பேரிக்காய் போல வளைந்தது. மற்றதன் முதுகு தட்டை, இடையோ ஒடுங்கியது. 14ஆம் நூற்றாண்டு ஸ்பானியக் கவிஞர் ஹுவான் ரூயிஸ் தமது காவியத்தில் மூர்களின் கிற்றார் என்றும் லத்தீன் கிற்றார் என்றும் இரண்டைத் தனித்தனியே குறிப்பிடுகின்றார். இன்றைய கிற்றாரின் உடலமைப்பு லத்தீன் கிற்றாரையும் விஹுவேலா என்ற வாத்தியத்தையும் சார்ந்தது என்பதே பொதுவான கருத்து. 'கிற்றார்' என்ற சொல்லின் வேரும் கிரேக்கத்தில் இருக்கின்றது.

அப்படியானால் நமது பங்கு என்ன? அது கைவினையில் இருக்கின்றது என்பேன். செவில் நகரின் 1527ஆம் ஆண்டுக் கைவினைச் சட்டங்கள், வாத்தியத் தச்சராக விரும்புபவர் லாஊத் செய்யவும் மரப்பதிப்பு வேலையுடன் விஹுவேலா செய்யவும் தெரிந்திருக்க வேண்டும் என்று விதித்தன. அதாவது ஒரே கை இரண்டையும் செய்தது. அந்த மரப்பதிப்புக்கு ஸ்பானியச் சொல் 'தராஸேயா'. அரபியின் 'தர்ஸீஃ' அதன் மூலம். 1492இல் கிரனாடா வீழ்ந்தது. 1609க்கும் 1614க்கும் இடையில் மொரிஸ்கோக்கள் கப்பலேற்றப்பட்டனர். ஆனால் தராஸேயா வேலை கிரனாடாவில் நின்றுவிடவில்லை. இன்றும் ஸ்பானியக் கிற்றாரின் ஒலித்துளையைச் சுற்றிச் சின்னஞ்சிறு மரத்துண்டுகளால் பதிக்கப்படும் வளையத்தைப் பார்த்தால் அல்ஹம்ராவின் சுவர்கள் நினைவுக்கு வரும்.

ஸ்பானியக் கிற்றாருக்கு இன்றைய வடிவத்தைத் தந்தவர் அன்ரோனியோ டி தொரெஸ். 1817இல் அல்மேரியாவுக்கு அருகில் பிறந்தார், தச்சு வேலை பழகினார், செவிலில் புகழ்பெற்றார். பின்னர் அல்மேரியாவில் மனைவியுடன் பீங்கான் கடை நடத்தியும் பிழைக்க வேண்டியிருந்தது. 1892இல் இறந்தார். பெட்டியைப் பெரிதாக்கி, முகப் பலகையை மெல்லியதாகச் சீவி, அதன் உட்புறத்தில் விசிறி போல் ஏழு சட்டங்களை ஒட்டுவது அவர் செம்மைப்படுத்திய முறை. முகத்துக்கு ஸ்புரூஸ். முதுகுக்கும் விலாவுக்கும் மட்டும் அவர் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. அவரது புகழ்பெற்ற 1856ஆம் ஆண்டு 'லா லெயோனா'வுக்குச் சைப்பிரஸ். தார்ரேகா வாசித்த 1864ஆம் ஆண்டுக் கிற்றாருக்கு மேப்பிள். வேறு சிலவற்றுக்கு ரோஸ்வுட்.

1862இல் அவர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். முகத்துக்கு வழமையான நல்ல ஸ்புரூஸ் பலகையை வைத்து, முதுகையும் விலாவையும் கடதாசி மட்டையால் செய்தார். ஓசை எங்கே பிறக்கின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாதம் வேண்டியதில்லை. அந்தக் கிற்றார் இப்போது பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. தமது இரகசியம் பெருவிரலும் சுட்டுவிரலும் பலகையைத் தொட்டறிவதில் இருக்கிறது, அதை எவருக்கும் கையளிக்க முடியாது என்று அவர் சொன்னதாக அவரை அறிந்த பாதிரியார் ஒருவர் பதிந்துள்ளார். பஸ்றாவின் அறிஞர்களும் இதைத்தானே கேட்டார்கள்!

சைப்பிரஸ் ஸ்பெயினில் இலேசாகக் கிடைத்த மலிவான மரம். அதனால்தான் வசதியில்லாத ஃபிளமென்கோ கலைஞர்களின் கிற்றார்கள் சைப்பிரஸில் செய்யப்பட்டன. அம்மரத்தின் பாரமின்மை வெடிப்பான, சட்டென்று எழுந்து அடங்கும் ஓசையைத் தந்தது. வறுமை தேர்ந்த மரமே பின்னர் அக்கலையின் இலக்கணமாயிற்று. சபைகளில் வாசிக்கும் கிற்றாருக்கோ பிரேசில் ரோஸ்வுட் கௌரவச் சின்னமாயிற்று. அது பாரமான மரம், தட்டினால் மணிபோல் ஒலிக்கும், பார்வைக்கும் அழகு. ஆனால் அது இருப்பது முதுகில்.

அந்த மரம் பிரேசிலின் அத்திலாந்திக் கரைக் காடுகளுக்கு மாத்திரம் உரியது. அக்காட்டை அழித்தது கிற்றார் என்று சொல்வது அநியாயம். விவசாயமும் தளபாட வியாபாரமும் தின்றதே அதிகம். நமது நாட்டிலும் களுமெதிரிய மரம் ஆங்கிலேயர் காலத்தில் அலுமாரிகளாகவும் மேசைகளாகவும் போய், காட்டில் அரிதாயிற்று. மரம் கிடைப்பது கடினமானதும் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. தமிழில் தோதகத்தி என்றும் ஈட்டி என்றும் சொல்லப்படும் மேற்குத் தொடர்ச்சி மலை மரந்தான் அது. 1992இல் பிரேசில் ரோஸ்வுட் சர்வதேச வர்த்தகத் தடைப் பட்டியலில் சேர்ந்தது.

முதுகின் மரத்துக்கு இவ்வளவு பெறுமதி உண்டா? 2018இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்று இதைச் சோதித்தது. ஒரே தச்சர், ஒரே வடிவில், ஒரேவகை ஸ்புரூஸ் முகத்துடன் ஆறு கிற்றார்களைச் செய்தார். முதுகும் விலாவும் மட்டும் வேறு: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹோகனி, மேப்பிள், சபேலி, வோல்நட். மங்கிய ஒளியில், கறுப்புக் கண்ணாடி அணிவிக்கப்பட்ட 52 வாத்தியக்காரர்கள் வாசித்துப் பார்த்தார்கள். மலிவான மரத்துக்கும் அரிய மரத்துக்கும் அவர்கள் கொடுத்த மதிப்பில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

2017 ஜனவரியிலிருந்து ரோஸ்வுட் இனம் முழுவதும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடிக்கப்பட்ட வாத்தியங்களுக்கு 2019 நவம்பரில் விலக்களிக்கப்பட்டது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. அந்த மரத்தில் செய்த பழைய கிற்றாரை வேறு நாட்டில் விற்க விரும்புபவர் அதற்கான பத்திரங்களைக் காட்டவேண்டும்.