பி.டி.இசட் கேமரா: காணொலிக் கூட்ட அறையில் அமைப்பும் இயக்கமும்

ஆள் கை வைக்காமல், ரிமோட்டாலோ கணினியாலோ திருப்பவும் சாய்க்கவும் காட்சியை நெருக்கவும் முடிகிற கேமரா பி.டி.இசட் கேமரா எனப்படுகிறது. பக்கவாட்டில் திரும்புவது பான். மேலும் கீழும் சாய்வது டில்ட். காட்சியை நெருக்குவதும் விரிப்பதும் ஸூம். மடிக்கணினியில் உள்ள வெப்கேம் ஒருவர் முகத்துக்குப் போதும். மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் அமர்ந்தால், அவர்களில் யார் பேசுகிறார் என்பதே எதிர்முனைக்குத் தெரியாது. அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகவே இவ்வகைக் கேமரா அலுவலகங்கள், வகுப்பறைகள், நீதிமன்றங்கள், தேவாலயங்கள் ஆகியவற்றில் இடம் பிடித்தது.

வரலாறு

அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் வைத்த பிக்சர்ஃபோன், எதிரே அமர்ந்த ஒருவரை மட்டும் காட்டும் கருவி. அறை முழுவதையும் காட்ட வேண்டிய தேவை ஐ.எஸ்.டி.என் எனும் டிஜிட்டல் தொலைபேசி இணைப்புகள் வந்த பிறகு, கூட்ட அறைகளுக்கான கருவிகள் பரவியபோது எழுந்தது. 1990களின் நடுவில் சோனி வெளியிட்ட ஈ.வி.ஐ-டி30 இத்துறையின் முன்னோடிகளில் ஒன்று. 12 மடங்கு ஆப்டிகல் ஸூம், இடவலமாக 100 பாகை வீதம் திரும்பும் தலை, பிரீசெட் எனப்படும் சேமித்துவைக்கும் நிலைகள் ஆறு ஆகியவற்றுடன், குறித்துக் காட்டிய பொருளைத் தானே பின்தொடரும் வசதியும் அதில் இருந்தது. இன்று செயற்கை நுண்ணறிவின் பெயரால் விற்கப்படும் அம்சம் அப்போதே, பொருளின் நிறத்தையும் ஒளியையும் நினைவில் வைத்துக்கொண்டு, தட்டுத் தடுமாறியேனும் வேலை செய்தது.

அதே காலத்தில் இரண்டு விதிமுறைகள் உருவாயின. ஒன்று, கேமராவுக்குக் கட்டளை அனுப்ப சோனி வகுத்த விஸ்கா. மற்றொன்று, எதிர்முனையில் இருப்பவர் இந்த முனையின் கேமராவைத் திருப்ப உதவும் எச்.281; இதைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1994இல் வெளியிட்டது. விஸ்காவைப் பிற தயாரிப்பாளர்களும் ஏற்றுக்கொண்டதால், ஒரு நிறுவனத்தின் ஜாய்ஸ்டிக்கால் வேறொரு நிறுவனத்தின் கேமராவை இயக்குவது இன்று சாதாரணம்.

இந்தியாவில் சாட்சியத்தைக் காணொலி வழியே பதிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003இல், பிரஃபுல் தேசாய் வழக்கில் தீர்ப்பளித்தது. சாட்சியின் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும்; அவருக்குப் பக்கத்தில் சொல்லிக் கொடுப்பவர் யாரும் இல்லை என்பதும் தெரிய வேண்டும். இரண்டையும் ஒரே கேமராவால் காட்ட வேண்டுமானால் அது அசையும் கேமராவாகவே இருந்தாக வேண்டும்.

ஸூமும் கோணமும்

பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது ஸூம் எண்: 10, 12, 20, 30 மடங்கு. வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது அதையல்ல, முழுதும் விரிந்த நிலையில் லென்ஸ் பிடிக்கும் கோணத்தையே. கோணம் 70 பாகை என்றால், கேமராவிலிருந்து எவ்வளவு தூரமோ அதைப்போல் ஏறத்தாழ 1.4 பங்கு அகலம் படத்தில் அடங்கும். 3 மீட்டர் தள்ளி அமர்ந்தவர்களில் 4.2 மீட்டர் அகலத்துக்கு உட்பட்டவர்களே தெரிவார்கள். 90 பாகையானால் அதே இடத்தில் 6 மீட்டர். 30 மடங்கு கேமராக்கள் பெரும்பாலும் 60 பாகை அளவில்தான் விரியும். சிறிய அறையில் அவற்றை மாட்டினால் ஓரத்து நாற்காலிகள் வெட்டுப்படும். 15 மீட்டர் நீளமுள்ள அரங்கின் பின்சுவரில் மாட்டுவதற்கு அதே கேமரா பொருத்தமானது. ஸூமில் டிஜிட்டல் பகுதி என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே. மெனுவில் அதை அணைத்து வைப்பது நல்லது.

மாட்டும் இடம்

அமர்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். கேமராவும் அதே உயரத்தை ஒட்டி, எதிர்முனையினரின் முகம் தெரியும் திரைக்கு அருகிலேயே இருக்க வேண்டும். திரை ஒரு சுவரிலும் கேமரா இன்னொரு சுவரிலும் இருந்தால், பேசுபவர் எப்போதும் வேறெங்கோ பார்ப்பதாகவே மறுமுனையில் தோன்றும். உயரமாக மாட்டிய தொலைக்காட்சியின் தலைமேல் கேமராவை வைத்தால் வழுக்கைகளும் வகிடுகளும்தான் தெளிவாகத் தெரியும். அத்தகைய அறையில் திரைக்குக் கீழே தனித் தட்டு அடித்து வைப்பதே மேல்.

ஜன்னலைப் பார்த்தபடி கேமராவை வைப்பது மிகவும் பரவலான தவறு. பின்னால் வெளிச்சம் கொட்டும்போது, தானியங்கி எக்ஸ்போஷர் அந்த வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைக் குறைத்துக்கொள்ளும்; முகங்கள் கறுத்துப்போகும். பேக்லைட் என்ற பொத்தான் இதை ஓரளவு சரிக்கட்டும். திரைச்சீலை முழுதாகச் சரிசெய்யும்.

கேமராவின் அடிப்பகுதியில் முக்காலிக்கான கால் அங்குலத் திருகுத் துளை இருக்கும். அதில் திருகி, அசையாமல் இறுக்க வேண்டும். மின்சாரம் கிடைத்தவுடன் கேமரா தன் நடுநிலையை அறிய இரு பக்கமும் ஒருமுறை திரும்பிப் பார்க்கும். அப்போது வயர் இழுபடாத அளவுக்குத் தளர்வு விட வேண்டும். உட்கூரையில் தலைகீழாகத் தொங்கவிட்டால் மெனுவில் படத்தைக் கவிழ்க்கும் தேர்வை இயக்க வேண்டும். படம் நேரான பிறகும் ரிமோட்டின் அம்புக்குறிகள் எதிர்த்திசையில் வேலை செய்தால், பான், டில்ட் திசைகளை மாற்றும் தேர்வு அதே மெனுவில் இருக்கும்.

இணைப்புகள்

யு.எஸ்.பி வழியே கணினியில் செருகினால் போதுமான கேமராக்கள் யு.வி.சி என்ற பொது விதிமுறையைப் பின்பற்றுகின்றன. தனி மென்பொருள் நிறுவத் தேவையில்லை. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. 1080பி படம் விநாடிக்கு 30 சட்டகம் வீதம், சுருக்கப்படாமல் சென்றால் விநாடிக்கு ஏறக்குறைய 100 கோடி பிட்கள் தேவை. யு.எஸ்.பி 2.0 தரக்கூடிய உச்சம் 48 கோடி. எனவே யு.எஸ்.பி 3 கேமராவைப் பழைய துளையில் செருகினால் படம் வரும். ஆனால் சுருக்கியோ சட்டகம் குறைந்தோ வரும். "நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று மங்கலாக இருக்கிறது" என்ற புகாருக்குப் பல வேளைகளில் காரணம், யாரோ வயரைப் பிடுங்கி வேறு துளையில் செருகியதுதான். சாதாரண யு.எஸ்.பி 3 வயர் 3 மீட்டர் வரை நம்பகமானது. அதற்கு மேல் என்றால் சிக்னலை வலுப்படுத்தும் ஆக்டிவ் வயரோ எக்ஸ்டெண்டரோ வேண்டும்.

பெரிய அரங்குகளில் எஸ்.டி.ஐ எனும் கோஆக்சியல் வயர்க் காணொலி இணைப்போ நெட்வொர்க் இணைப்போ வசதியானது. ஒரே ஈத்தர்நெட் வயரில் மின்சாரமும் படமும் கட்டளையும் 100 மீட்டர் வரை செல்லும். நெட்வொர்க் ஸ்விட்ச் தரும் மின்சாரம் போதுமா என்று மட்டும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். பவர் ஓவர் ஈத்தர்நெட்டின் முதல் தரநிலையில் ஒரு துளைக்கு 15.4 வாட், அடுத்ததில் 30 வாட். போதாதபோது கேமரா படம் காட்டிக்கொண்டே இருந்து, மோட்டார் சுழலும் கணத்தில் அணைந்து மீண்டும் எழும்.

விஸ்கா வயரின் நுனியில் எட்டு ஊசிகள் கொண்ட வட்டச் செருகி இருக்கும். அனுப்பும் ஊசியும் பெறும் ஊசியும் குறுக்காக இணைக்கப்பட வேண்டும். நேராகப் போன வயரில் எல்லாம் சரியாகத் தெரியும். கேமரா மட்டும் அசையாது. ஒரு கேமராவிலிருந்து அடுத்ததற்கு என்று ஏழு கேமராக்கள் வரை தொடராகக் கோக்கலாம். பதினாறடிமான எண்களில் எழுதப்படும் கட்டளையின் முதல் பைட் முகவரி: முதல் கேமராவுக்கு 81, இரண்டாவதற்கு 82. இறுதி பைட் எப்போதும் எஃப்எஃப். '81 01 06 04 எஃப்எஃப்' என்று அனுப்பினால் முதல் கேமரா நடுநிலைக்குத் திரும்பும். இரு முனைகளிலும் வேகம் ஒன்றாக இருக்க வேண்டும். வழக்கமான வேகம் விநாடிக்கு 9600 பிட்.

படத்தைச் சீர்செய்தல்

இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஃப்ளிக்கர் எனும் அமைப்பு 60இல் இருந்தால் படத்தில் பட்டைகள் ஓடும். அதை 50க்கு மாற்றி, ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் நிறுத்த வேண்டும். வொயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால், மஞ்சள் சேலை உடுத்தியவரை நெருக்கிக் காட்டும்போது சுவரின் நிறமே மாறிப்போகலாம். விளக்கு மாறாத அறையில் ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி, ஒருமுறை கைமுறையாக அமைத்துவிடுவது நிலையான பலன் தரும்.

பிரீசெட்

கேமராவின் பயனில் பெரும்பகுதி பிரீசெட்டில் இருக்கிறது. திரும்பும் திசை, சாய்வு, ஸூம் ஆகிய மூன்றையும் ஒரு எண்ணில் சேமித்துவைத்து, பிறகு அந்த எண்ணை அழுத்தினால் கேமரா அதே நிலைக்கு வரும். பெரும்பாலான ரிமோட்களில் பிரீசெட் பொத்தானை அடுத்து எண்ணை அழுத்தினால் சேமிக்கும். எண்ணை மட்டும் அழுத்தினால் அந்நிலைக்குப் போகும். அவசரத்தில் முதல் பொத்தானையும் சேர்த்து அழுத்துபவர் பழைய நிலையை அழித்துவிடுகிறார். ஆகவே ஒவ்வொரு எண்ணும் எதைக் காட்டும் என்பதை எழுதி ரிமோட்டின் முதுகில் ஒட்டும் வழக்கம் நல்லது.

சேமிக்கும்போது நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. ஆள் அமர்ந்திருந்தால்தான் தலைக்கு மேல் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதும், ஆட்டோஃபோகஸ் எங்கே நிற்கிறது என்பதும் தெரியும். காலி நாற்காலிக்குச் சேமித்தால் ஃபோகஸ் பின்சுவரில் போய் உட்கார்ந்துகொள்ளும். கண்கள் படத்தின் மேல் மூன்றில் ஒரு பங்குக் கோட்டை ஒட்டி அமைந்தால் உயரமானவருக்கும் குட்டையானவருக்கும் அதே பிரீசெட் பொருந்தும். முதல் எண்ணில் எப்போதும் அறை முழுவதும் தெரியும் காட்சியை வைப்பது பொதுவான மரபு. இயக்குபவர் குழம்பினால் ஓடி வருவதற்கு அதுவே இடம். பிறகு யாராவது கேமராவின் அடியை இரண்டு விரற்கடை நகர்த்தினாலும் எல்லா எண்களும் பிசகும்.

கூட்டத்தின்போது

நல்ல இயக்குபவரின் கேமரா நகர்வதையே பார்ப்பவர் அறியமாட்டார். இதற்கு அழகியல் மட்டும் காரணமல்ல. காணொலிச் சுருக்கம், முந்தைய சட்டகத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டும் அனுப்புவதை நம்பியிருக்கிறது. கேமரா திரும்பும்போது படத்தின் ஒவ்வொரு புள்ளியும் மாறுகிறது. மெதுவான இணைப்பில் படம் கட்டம் கட்டமாக உடையும். விநாடிக்கு 128 கிலோபிட் மட்டுமே கிடைத்த ஐ.எஸ்.டி.என் நாள்களில் இது பெருந்தொல்லை. கிராமத்துச் செல்பேசி இணைப்பில் இன்றும் அப்படியே. ஆகவே ஸூம் செய்துகொண்டே ஆளைத் தேடுவது கூடாது. பிரீசெட் எண்ணை அழுத்தி, சேர்ந்த பின் கை எடுக்க வேண்டும். போய்ச் சேரும்வரை பழைய படத்தை உறைய வைக்கும் வசதி சில கேமராக்களில் உண்டு. இருந்தால் பயன்படுத்த வேண்டும். இரண்டு கேமராக்கள் இருந்தால் ஒன்று காட்டும்போது மற்றதைத் திருப்பி வைக்கலாம்.

ஜாய்ஸ்டிக் பிடிப்பவர் கவனிக்க வேண்டியது வேகம். நெருக்கிய காட்சியில் தலை சிறிதே திரும்பினாலும் ஆள் படத்தைவிட்டு ஓடிவிடுவார். ஸூமுக்கு ஏற்பப் பான் வேகத்தைக் குறைக்கும் அமைப்பு மெனுவில் இருந்தால் இயக்கி வைப்பது நல்லது.

முகத்தைத் தானே பின்தொடரும் வசதி, மேடையில் தனியே நடந்து பாடம் எடுக்கும் ஆசிரியருக்கு உதவும். பலர் பேசும் கூட்டத்தில் அது தேநீர் கொண்டுவருபவரையும் பின்தொடரும். அங்கே அணைத்து வைப்பதே சரி.

எதிர்முனையிலிருந்து கட்டுப்பாடு

எச்.281 விதிமுறையும், ஜூம் போன்ற செயலிகளில் உள்ள கேமராக் கட்டுப்பாடும் எதிர்முனையில் இருப்பவர் இந்த அறையின் கேமராவைத் திருப்ப இடமளிக்கின்றன. கரும்பலகையில் எழுதியதை உற்றுப் பார்க்க விரும்பும் மாணவருக்கு இது வசதி. அனுமதி கேட்டுத் தரப்பட வேண்டும். கூட்டம் முடிந்ததும் திரும்பப் பெறப்பட வேண்டும். நெட்வொர்க் கேமராக்களில் தொழிற்சாலை வைத்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுவதும், இணையத்திலிருந்து நேரடியாக எட்ட முடியாதபடி தனி நெட்வொர்க்கில் வைப்பதும் கட்டாயம். கூட்ட அறையின் ரகசியங்கள் வெளியே போக, மறந்துபோன ஒரு கடவுச்சொல் போதும்.

வழக்கமான கோளாறுகள்

ரிமோட்டுக்குக் கேமரா அசையவில்லை என்றால், முதலில் ரிமோட்டின் நுனியைச் செல்பேசிக் கேமராவின் முன் பிடித்துப் பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். செல்பேசித் திரையில் ஊதா ஒளி மின்னினால் ரிமோட்டும் பேட்டரியும் நன்றாக உள்ளன. சில செல்பேசிகளின் பின்பக்கக் கேமரா அகச்சிவப்பைத் தடுத்துவிடும். அப்போது முன்பக்கக் கேமராவில் பார்க்கலாம். ஒளி இருந்தும் அசையாவிட்டால், ரிமோட் வேறு கேமரா எண்ணுக்கு மாறியிருக்கும்.

செயலியில் படம் வராமல் கறுப்பாக நின்றால், பெரும்பாலும் வேறொரு மென்பொருள் கேமராவைப் பிடித்துவைத்திருக்கும். ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்தால் வெளிச்சம் குறைவு. விளக்கைப் போட்டுப் பார்த்த பின்பே மெனுவைத் திறக்க வேண்டும். கேமராவின் தலையைக் கையால் திருப்பினால் உள்ளே உள்ள சிறு பற்சக்கரங்களோ பட்டையோ சேதமடையும். துடைக்க வேண்டியிருந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, லென்ஸ் துணியால் கண்ணாடியை மட்டும் துடைக்க வேண்டும்.