சீமான் மாளிகையும் சமையற்காரியின் நோட்டும்

சரித்திரம் என்றவுடன் நம்மவர் மனத்தில் எழுவன முடியும் வாளும் போர்க்களமுமே. மன்னன் பிறந்த ஆண்டு, முடிசூடிய ஆண்டு, மாண்ட ஆண்டு ஆகியவற்றை நெட்டுருச் செய்து பிரம்படிக்குத் தப்பிய மாணாக்கருள் நாமும் ஒருவராவோம். அம்மன்னனுக்கு உணவு சமைத்தவர் யார், அவன் சட்டையை வெளுத்தவர் யார் என்று அன்று எவரும் கேட்டதில்லை. இன்று அக்கேள்வி சீமையிலேயே, அதுவும் சீமான்களின் மாளிகைகளிலேயே கேட்கப்படுகின்றது. அதனை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலண்டனுக்கு வடக்கே, எஸ்ஸெக்ஸ் பகுதியில், சாப்ரன் வால்டன் என்னும் ஊரை அடுத்து ஆட்லி எண்ட் என்னும் பெருமாளிகை நிற்கின்றது. ஆதியில் அஃது ஒரு துறவி மடம். எட்டாம் ஹென்றி 1538ல் அதனைத் தன் மந்திரி தாமஸ் ஆட்லிக்குக் கொடுத்தான். பின்னர் முதலாம் ஜேம்ஸ் மன்னனின் பொக்கிஷ மந்திரியாயிருந்த சபோக் பிரபு, அவ்விடத்தே அரண்மனையும் நாணத்தக்க மாளிகையொன்றை எழுப்பினான். 1619ல் அரசாங்கப் பணத்தைக் கையாடிய குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டான். (கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு இச்செய்தி சிறிது சுவையளிப்பதை மறைப்பானேன்?) நியூமார்க்கெட் குதிரைப் பந்தயத்திற்குப் போக வசதியென்று இரண்டாம் சார்லஸ் அதனை விலைக்கு வாங்கினான். 18-ம் நூற்றாண்டில் மாளிகையின் பெரும் பகுதி இடிபட்டது. சூழ்ந்திருந்த நிலம் கேப்பபிலிட்டி பிரவுன் என்பாரின் திட்டத்தால் பூங்காவாயிற்று. 1948ல் அரசாங்கம் அதனை வாங்கிற்று. இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் என்னும் ஸ்தாபனம் அதனை இப்போது பராமரிக்கின்றது.

இவையெல்லாம் சீமான்களின் கதை. மாளிகையின் ஒரு புறத்தே வேலைக்காரர் பகுதி இருக்கின்றது. குசினி, பாத்திரம் துலக்கும் அறை, பாலறை, சலவைக்கூடம் என அது விரியும். குறித்த சில வார இறுதி நாட்களில் அங்கே 1880-களின் உடையணிந்தோர் நின்று, அக்காலத்து வேலைகளைக் காண்போர் முன் செய்கின்றனர். இதனை வாழும் சரித்திரம் என்பர். இம்முறைக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் ஆர்ட்டர் ஹசேலியஸ். அவர் 1891ல் ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் ஸ்கான்சென் என்னும் திறந்தவெளிக் காட்சிசாலையை அமைத்து, பழைய குடியானவர் வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து நிறுத்தி, அவற்றில் அக்கால உடையில் மாந்தரையும் இருத்தினார். இதில் இருவகை உண்டு. ஒரு சாரார், ‘நானே அச்சமையற்காரி’ என்று பேசி, அவ்வாண்டுக்குப் பின் நிகழ்ந்த எதையும் அறியாதவர்போல் நடிப்பர். மறு சாரார் பழைய உடையில் நின்றாலும் இன்றைய மனிதராகவே விளக்குவர். நமக்குப் பின்னது நேர்மையாகத் தோன்றுகின்றது. சிறுவர்க்கோ முன்னதே பிடிக்கும்.

ஆட்லி எண்ட் குசினிக்கு உயிரூட்டியது ஒரு நோட்டுப் புத்தகம். 1881-ம் ஆண்டுக் குடிக்கணக்கில் அம்மாளிகையின் சமையற்காரியாக ஏவிஸ் குரோகோம் என்னும் பெண்ணின் பெயர் காணப்படுகின்றது. டெவன் பகுதியில் பிறந்தவர், அன்று மணமாகாதவர். ஆயினும் சமையற்காரிக்கு ‘மிஸஸ்’ என்னும் மரியாதை அடைமொழி வழக்கமாக உண்டு. 1884ல் மணம் புரிந்து வேலையை விட்டார், 1927ல் காலமானார். அவர் தம் கையால் சமையற் குறிப்புகள் எழுதிய நோட்டு குடும்பத்தாரிடம் தங்கியிருந்து, 2009ல் உறவினர் ஒருவரால் அந்த ஸ்தாபனத்திற்கு அளிக்கப்பட்டது. குடிக்கணக்கில் ஒரு வரியாய் இருந்தவர், நோட்டு கிடைத்ததும் மனிதரானார். இன்று அவ்வுடையணிந்த நடிகை சமைக்கும் சலனப் படங்களை உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் கண்டு களிக்கின்றனர். அம்மாளிகையின் பிரபுவாகிய பிரேபுரூக்கின் பெயரை அவர்களுள் எத்தனை பேர் நினைவில் வைத்திருப்பரோ!

ஆனால் அங்கே காட்டப்படாதது ஒன்றுண்டு. சமையற்காரிக்குக் கீழே, விடியுமுன் எழுந்து அடுப்புச் சாம்பலை அள்ளி, நள்ளிரவு வரை செம்புப் பாத்திரம் துலக்கும் சிறுமி ஒருத்தி இருந்தாள். அத்தகையவளுக்கு ஆண்டுச் சம்பளம் 5 முதல் 9 பவுன் வரை என்று மிஸஸ் பீட்டன் 1861ல் வெளியிட்ட இல்லற நூல் கூறும். சலவைக்காரியின் பாடும் அத்தகையதே: துணியை ஊறவைத்தல், கொப்பரையில் காய்ச்சுதல், அலசுதல், உருளையில் பிழிதல், உலர்த்துதல், பெட்டிபோடுதல் என ஒரு வாரத்து அழுக்கு மறு வாரத்து அழுக்கு வருமுன் தீரவேண்டும். வார இறுதியில் வேடம் புனைபவர் இவ்வேலையைச் செய்து காட்டலாம். மாலையில் வேடத்தைக் களைந்து வீடு திரும்பி விடுகிறாரே! களைப்பை நடிக்கலாம், நாளையும் இதுவே என்னும் திகிலை நடிக்க இயலுமோ?

இக்கேள்வி அமெரிக்காவில் கடுமையாக எழுந்தது. வர்ஜீனியாவில் ராக்பெல்லரின் பொருளுதவியால் பழமையுருவில் புதுப்பிக்கப்பட்ட வில்லியம்ஸ்பர்க் என்னும் ஊர் இருக்கின்றது. 18-ம் நூற்றாண்டில் அவ்வூர் மக்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் கறுப்பின மக்களாவர். அவர்களுள் மிகப் பலர் அடிமைகள். எனினும் நெடுங்காலம் அங்கே கண்டதெல்லாம் கனவான்களும் சீமாட்டிகளுமே. 1994 அக்டோபரில் அடிமை ஏலம் ஒன்றை நடித்துக்காட்ட அங்குள்ள கறுப்பின ஊழியர்களே முன்வந்தனர். முன்னோர் பட்ட அவமானத்தை வேடிக்கையாக்குவதா என்று வெளியிலிருந்து எதிர்ப்பு கிளம்பிற்று. நடந்தேறிய பின்னர், எதிர்த்தவர்களுள் மனம் மாறினோரும் உண்டு. இரு தரப்பாரும் அவ்வடிமைகளின் வழிவந்தோரே என்பதை நாம் மறத்தற்கில்லை. மறைத்தால் இல்லையென்றாகும், காட்டினால் மலிந்துபோகும். இவ்விரண்டினுள் காட்டுவதையே நாம் விரும்புவோம், காட்டும் கை அவ்வினத்தாருடைய கையாயிருக்கும் பட்சத்தில்.

‘எஸ்டேட்’ என்னும் ஆங்கிலச் சொல் அப்பிரபுவின் நிலத்திற்கும் நம் ரப்பர்த் தோட்டத்திற்கும் பொதுவாயிருப்பது நம்மை எண்ண வைக்கின்றது. நம்மிடம் செக்ரோல் உண்டு. பெயர், வேலை நாள், சம்பளம், பிடித்தம் எல்லாம் அதில் காணலாம். அது நம் குடிக்கணக்கு. பழைய ஏடுகளைப் புரட்டும்போதெல்லாம், அப்பெயர்களுக்கு உரியவர் தம் கையால் எழுதிய ஒரு துண்டுக் காகிதமேனும் கிட்டாதா என்று ஏங்குவோம். கிட்டியதில்லை. எழுதியவர் எல்லாம் நம்மைப் போன்ற கிராணிமாரே.

ஆகவே சென்ற மாதம் ஒரு நோட்டு வாங்கி, பால்மரம் வெட்டி ஓய்ந்த மூதாட்டி ஒருவரிடம் சென்றோம். பெரட்டுக் களத்தைப் பற்றியும் கங்காணியைப் பற்றியும் கூறுவாரென எதிர்பார்த்தோம். அவரோ, ஜப்பான்காரன் காலத்தில் தம் தாயார் மரவள்ளிக் கிழங்கைச் சீவி உலர்த்தி இடித்துப் புட்டு அவித்ததில் தொடங்கினார். எழுதிக்கொண்டே வந்த நாம், பழக்கத்தினால், எத்தனை பேருக்கு எவ்வளவு கிழங்கு என்று அளவு கேட்டோம்.

“அளக்குறதுக்கு அன்னைக்கு என்ன இருந்துச்சு, தம்பி?” என்றார்.