கம்ப்யூட்டர் ‘நில்லு’ன்னு சொன்னப்போ

எங்கேயோ இருக்கிற சர்வரை வீட்டிலிருந்தே கவனிக்கப் பழகுறவங்களுக்கு நான் சொல்ற வரலாறு, பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவுல இருக்கிற ஸ்ரீஹரிகோட்டா தீவுல நடந்தது. ராக்கெட் ஏவுற நாள்ல பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாதுன்னு அறிவிப்பு வருமே, அதே ஏவுதளம்.

1979 ஆகஸ்ட் 10. எஸ்எல்வி-3 ராக்கெட்டின் முதல் பயணம். கிளம்பும் நேரத்தில் கம்ப்யூட்டர் நிறுத்தச் சொன்னது. பார்த்தால், கசிவு. ‘இருக்கிறதே போதும், ஏவலாம்’ என்றார்கள் நிபுணர்கள். அப்துல் கலாம் கம்ப்யூட்டரை மீறி ஏவச் சொன்னார். பின்னாளில் அவரே பலமுறை சொன்ன கதை இது. முதல் கட்டம் அருமையா வேலை செஞ்சது. இரண்டாவது கட்டத்தில், அமிலம் கசிந்துபோனதால் கட்டுப்பாடு போச்சு. ராக்கெட் கடலில் விழுந்தது.

புதுசா சர்வர் பார்க்கிறவங்களும் எச்சரிக்கை வந்தா ‘ஃபோர்ஸ்’ போட்டுத் தாண்டுறாங்க. ஃபயர்வால்ல தப்பான விதி ஒண்ணு போதும், நாம உள்ளே போற வழியே அடைஞ்சிடும். அப்புறம் அது கிளம்பிப்போன ராக்கெட்தான், கைக்கு எட்டாது.

அன்னைக்குப் பத்திரிகையாளர்கள் முன்னாடி பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். குழு கோளாறைத் தேடிச் சரிசெய்தது. 1980 ஜூலை 18-ல் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனது.