ஈஸ்ட்டுக்கும் ஒரு வக்து

அரபு மொழியில் கா, மீம், ரா என்னும் மூவெழுத்து மூலத்துக்கு ‘மூடுதல்’ என்பது பொருள். பெண்டிர் தலையை மூடும் துணி ‘கிமார்’. அறிவை மூடும் மது ‘கம்ர்’. புளித்துப் பொங்கிய மாவு ‘கமீர்’. அதனைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட்டுக்கு இன்றைய அரபியில் ‘கமீரா’ என்று பெயர். ஒரே வேரில் பிறந்த இச்சொற்களுள் விலக்கப்பட்ட பொருளும் உண்டு. அன்றாடம் உண்ணும் ரொட்டியின் மாவும் உண்டு. மூடிக் கிடந்த இப்பொருளின் உள்ளே நடப்பது என்ன என்பதைத் திறந்து காண மனிதனுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவ்வரலாறு, அறிஞர் இரு சாராரிடையே நிகழ்ந்த நெடிய வழக்கின் வரலாறும் ஆகும்.

1680இல் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்து லேவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையின் வழியே பீர் மதுவை நோக்கினார். அதில் மிதந்த நுண்ணிய உருண்டைகளைக் குறித்து இலண்டன் ராயல் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். அவை உயிருள்ளவை என்று அவர் கருதவில்லை. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1837ஆம் ஆண்டையொட்டி, பிரான்சில் கஞார் தெ லா தூர், ஜெர்மனியில் ஷ்வான், கியூட்சிங் ஆகிய மூவரும் தனித்தனியே ஆராய்ந்து ஒரே முடிவுக்கு வந்தனர். அந்த உருண்டைகள் அரும்பு விட்டுப் பெருகுகின்றன; ஆகவே அவை உயிர்கள்; சர்க்கரை சாராயமாவது அவற்றின் வாழ்வோடு இணைந்த செயல் என்றனர்.

வேதியியலார் இதனை ஏற்கவில்லை. நொதித்தல் என்பது சிதையும் பொருளொன்று தன் சிதைவைச் சர்க்கரைக்கும் தொற்றவைக்கும் வெறும் இரசாயன நிகழ்ச்சி என்பது லீபிக்கின் கொள்கை. 1839இல் லீபிக் பதிப்பித்துவந்த ஏட்டிலேயே, அவரும் வோலரும் சம்பந்தப்பட்ட பெயரில்லாக் கட்டுரையொன்று வெளிவந்தது. ஈஸ்ட்டை வடிகலம் போன்ற உடல்கொண்ட குட்டிப் பிராணியாக வருணித்து, அது சர்க்கரையை விழுங்கிச் சாராயத்தைக் கழிக்கிறது என்று அக்கட்டுரை நகையாடியது. வாதத்தை வாதத்தால் எதிர்கொள்வதே அறிவுடையோர் மரபு. எள்ளலை வாதத்தின் இடத்தில் வைத்தால் உண்மை சிறிது காலம் தலைகுனிந்து நிற்க நேரும். ஷ்வானுக்கும் அவ்வாறே நேர்ந்தது.

1857 முதல் பாஸ்ச்சர் செய்த ஆய்வுகள் உயிர்க்கொள்கையை மீண்டும் நிலைநிறுத்தின. லீபிக் 1873இலும் பாஸ்ச்சர் 1895இலும் மறைந்தனர். 1897இல் ஜெர்மானியரான பூக்னர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்துப் பிழிந்தார். அச்சாறு கெடாதிருக்கச் சர்க்கரை சேர்த்தபோது குமிழிகள் எழுந்தன. உயிரணு ஒன்றுகூட இல்லாத சாறு நொதித்தது! 1907இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஈஸ்ட்டு உயிருள்ளதே, எனினும் நொதித்தல் இரசாயன நிகழ்ச்சியே. இவ்வாறு இரு சாராரின் கூற்றிலும் பாதி மெய்யாயிற்று.

இதற்குப் பின் ஒரே கிதாபின் இரு பாகங்களை இரண்டு அறைகளில் ஓதுவதுபோல் ஆய்வு பிரிந்தது. ஓர் அறையினர் உணவு சக்தியாக மாறும் வளர்சிதை மாற்றத்தைப் பயின்றனர். மற்றோர் அறையினர் உயிரணு எவ்வாறு இரண்டாகிறது என்பதைப் பயின்றனர். பின்னவருள் தலையாயவர் அமெரிக்கரான ஹார்ட்வெல். வெப்பம் கூடினால் பிரிவின் ஏதேனும் ஒரு படியில் நின்றுவிடும் ஈஸ்ட்டு வகைகளை அவர் 1970ஆம் ஆண்டையொட்டித் தேடி எடுத்தார். பிரிவுக்கு உறுதி பூணும் இடத்துக்குத் ‘தொடக்கம்’ எனப் பெயரிட்டார். உயிரணு போதிய அளவுக்கு வளர்ந்தாலன்றி அந்த இடத்தைக் கடவாது என்பதும் புலனாயிற்று. நர்ஸ், ஹண்ட் என்னும் ஆங்கிலேயர் இருவரோடு 2001இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

அறைகளின் நடுச்சுவரில் துளை ஏற்கெனவே விழுந்திருந்தது. 1969இல் சுவிட்சர்லாந்தில் கியூன்சி, ஃபீஷ்டர் ஆகியோர், ஈஸ்ட்டு சேமித்துவைக்கும் மாவுச்சத்து வகைகள் அரும்பும் பருவத்துக்கேற்ப ஏறி இறங்குவதைக் கண்டிருந்தனர். 2005இல் டெக்சாஸ் மாநிலத்தில் டூ, மெக்னைட் முதலியோர் அச்சுவரையே தகர்த்தனர். ஈஸ்ட்டைச் சிறிது பட்டினியிட்டு, பின்னர் குளுக்கோசைக் குறைந்த அளவில் இடைவிடாது ஊட்டினர். கலத்திலிருந்த உயிரணுக்கள் அனைத்தும் ஒன்றுபட்டு நான்கைந்து மணிக்கு ஒருமுறை பிராணவாயுவை மிகுதியாக உட்கொள்வதும் பின்னர் குறைப்பதுமாக இருந்தன. அவற்றின் ஜீன்களில் பாதிக்கு மேற்பட்டவை இத்தாளத்துக்கு இசைந்து இயங்கின. மரபுப் பொருளான டி.என்.ஏ. படியெடுக்கப்படுவதோ, சுவாசம் தணிந்த வேளையில் மட்டுமே நிகழ்ந்தது.

ஏன் அந்த வேளை? சுவாசத்தின் போது தோன்றும் வினைமிகு பொருள்கள் டி.என்.ஏ.வைச் சிதைக்க வல்லவை. 2007இல் அதே குழுவினர், கட்டுப்பாடு தளர்ந்து வேளை தவறிப் படியெடுக்கும் ஈஸ்ட்டு வகைகளில் மரபுப் பிழைகள் மிகுவதைக் காட்டினர்.

ஆயினும் தாளமே பிரிவை உண்டாக்குகிறது என்று முடிவு கட்டிவிடலாகாது. ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழப் பாதி உயிரணுக்களே பிரிகின்றன, ஏனையவை காத்திருக்கின்றன. 2017இல் ஹாலந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தார் தனித்தனி உயிரணுக்களை நோக்கியபோது, பிரிவு நின்ற பின்னும் வளர்சிதைத் தாளம் தொடரக் கண்டனர். நம்மவர்க்கு இதனை விளக்குதல் எளிது. வக்து நுழையுமுன் தொழுதால் தொழுகை கூடாது. வக்து நுழைந்ததனாலேயே எவரும் தொழுதவராகிவிடுவதும் இல்லை, உளூவும் வேண்டும். ஈஸ்ட்டுக்குச் சுவாசத் தாளம் வக்து போன்றது. போதிய உடல் வளர்ச்சி உளூ போன்றது. இரண்டும் ஷர்த்துகள், ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

உயிரே என்றவர்களும் இரசாயனமே என்றவர்களும் ஒரே துணியின் இரு முனைகளைப் பற்றி இழுத்தவர்கள். உயிர் பிரிந்து பெருகும் வேளையைக் குறிப்பதில் அந்த இரசாயனத்துக்கே பங்குண்டு என்பதை அவர்களுள் எவரும் அறிந்திலர். இக்திலாஃபை அதன் அதபோடு நடத்த வேண்டும் என்று நம் உலமாக்கள் வலியுறுத்துவது வீணன்று. எதிராளியின் கூற்றை நகையாடாமல் எழுதிவைத்தால், அதில் மறைந்துள்ள பாதி உண்மையைப் பின்வருவோர் கண்டெடுப்பர். ஒரு பிடி புளித்த மாவு புகட்டும் பாடம் இது.